வேலியோர பிளாக்பெரில வீட்டு வைன்

இங்க இங்கிலாந்துல ஆகஸ்ட் கடைசிலேர்ந்து நடைபாதை வேலியெல்லாம் பிளாக்பெரி கறுத்துத் தொங்கும், கடையில குட்டி டப்பாவுக்குக் காசு குடுக்குறவங்கள பார்த்தா எனக்குப் பாவமா இருக்கும். தானா முளைச்ச செடியில சொந்தத்துக்குப் பறிச்சா திருட்டு இல்ல, 1968 திருட்டுச் சட்டத்துலயே இருக்கு, ஆனா விக்கிறதுக்குப் பறிக்கக் கூடாது. முழங்காலுக்குக் கீழ தொங்குறத விட்ருங்க, நாய் எங்க காலத் தூக்கும்னு தெரியும்ல.

4.5 லிட்டர் வைனுக்குப் பழம் ரெண்டு கிலோ, சர்க்கரை ஒண்ணேகால் கிலோ. வாளி, கரண்டி எல்லாத்தையும் ஸ்டெரிலைசர் (கிருமி கொல்ற பவுடர்) போட்டுக் கழுவிட்டு பழத்த மசிச்சு, கொதிக்கிற தண்ணி ரெண்டரை லிட்டர் ஊத்தி, ஆறினப்புறம் கேம்டன் மாத்திரை (வைன் போடுறவங்க பயன்படுத்துற சல்ஃபைட் மாத்திரை) ஒண்ண நுணுக்கிப் போட்டு மூடிருங்க. இட்லி மாவு மாதிரி தானா புளிக்கட்டும்னு விட்டா என்ன ருசியில வந்து நிக்கும்னு சொல்ல முடியாது, பழத்தோட வர்ற காட்டு ஈஸ்ட்ட அடக்கத்தான் அந்த மாத்திரை. அது நம்ம ஈஸ்ட்டையும் அடிச்சிரும், அதனால 12 மணி நேரம் கழிச்சு பெக்டோலேஸ் ஒரு டீஸ்பூன் (பழத்துல இருக்குற பெக்டின கரைக்கிற என்சைம், போடலன்னா கலங்கலாவே இருக்கும்), 24 மணி நேரம் முடிஞ்சப்புறம்தான் சர்க்கரையும் ஒரு பாக்கெட் வைன் ஈஸ்ட்டும்.

அஞ்சு நாள் தினம் ஒரு தடவ கிளறி விடுங்க. அப்புறம் வேக வச்ச பழைய வேட்டித் துணியில வடிகட்டி (கறை போகவே போகாது, நல்ல வேட்டிய எடுத்துறாதீங்க) டெமிஜான்ல (குறுகின கழுத்து வச்ச பெரிய கண்ணாடி ஜாடி) ஊத்தி, கொறைஞ்சா ஆற வச்ச தண்ணி சேத்து, ஏர்லாக் (உள்ள இருக்குற வாயுவ வெளிய விட்டு, வெளிக்காத்த உள்ள விடாத மூடி) மாட்டிருங்க. ரெண்டு மாசத்துல அடியில மண்டி தங்கும், அத விட்டுட்டு டியூப்ல உறிஞ்சி வேற ஜாருக்கு மாத்தணும்.

பாட்டில்ல அடைக்க மட்டும் அவசரப்படாதீங்க. குமிழி நின்னுருச்சேன்னு மொத வருஷம் நான் டிசம்பர்லயே அடைச்சேன், வெயில் வந்ததும் மிச்சச் சர்க்கரை மறுபடி புளிச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு அலமாரிக்குள்ள வெடிச்சது, சுவரெல்லாம் கொலை நடந்த வீடு மாதிரி. ஹைட்ரோமீட்டர் (சர்க்கரை எவ்ளோ மிச்சம்னு அடர்த்திய வச்சுக் காட்டுற மிதவை) 1.000க்குக் கீழ எறங்கி ஒரு வாரம் அசையாம நிக்கணும், அப்பதான் அடைக்கலாம். குடிக்க அடுத்த செப்டம்பர் ஆயிரும்.

அவ்ளோ நாள் தாங்காதுன்னா ஸ்லோ ஜின் போடுங்க. ஸ்லோ (sloe) பழம், அதாவது வேலியோர முள்ளுச்செடியில காய்க்கிற கருநீலப் புளிப்புப் பழம், 450 கிராம், ஒரு ராத்திரி ஃப்ரீசர்ல வச்சா தோல் தானா வெடிச்சிரும், சர்க்கரை 225 கிராம், ஜின் 70 சென்டிலிட்டர், இருட்டுல மூணு மாசம், அப்பப்ப ஒரு குலுக்கு. அக்டோபர்ல போட்டா பொங்கலுக்கு ரெடி.