மொழி தெரியும், ஆசிரியராக வேண்டும்: பல்கலைக்கழகப் பயிற்சிக்கு ஒரு வழிகாட்டி

ஒரு வெளிநாட்டு மொழியை ஓரளவு நன்றாகவே பேசுகிறீர்கள், அதைக் கற்றுத்தரும் வேலைக்குப் போக ஆசை என்றால் மேலே படியுங்கள். மொழியைக் கற்பது எப்படி என்பதற்குள் நான் போகவில்லை.

1. படிப்பைத் தேர்ந்தெடுப்பது

பட்டத்தின் பெயரை நம்பாதீர்கள், பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். சில படிப்புகளில் உள்ளே முழுக்க இலக்கியமும் மொழிபெயர்ப்பும்தான் இருக்கும். கற்பித்தல் முறை, மதிப்பீடு, மேற்பார்வையில் நடக்கும் கற்பித்தல் பயிற்சி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அரசுப் பள்ளிதான் குறி என்றால், அந்தப் பட்டத்துக்கு ஆசிரியர் உரிமம் கிடைக்குமா என்று சேரும் முன்பே விசாரியுங்கள். பல நாடுகளில் பட்டம் வேறு, உரிமம் வேறு.

2. மொழிச் சான்றிதழ்

மொழித் திறனை அளக்க ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட சட்டகத்தில் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள். ஆசிரியர் பயிற்சிக்குப் பெரும்பாலும் பி2 அல்லது சி1 கேட்பார்கள். பிரெஞ்சில் டெல்ஃப் தேர்வு பி2 வரைதான். சி1, சி2 வேண்டுமென்றால் டால்ஃப் தேர்வு. ஜப்பானிய மொழியின் ஜேஎல்பிடி தேர்வில் பேச்சும் கிடையாது, கட்டுரை எழுதுவதும் கிடையாது. அதன் உச்ச நிலையான என்1 சான்றிதழ் கையில் இருந்தாலும் நேர்காணலுக்குத் தனியாகப் பேசிப் பழகுங்கள்.

3. பாடத் திட்டம் எழுதுவது

பலர் சறுக்குவது இங்கேதான். கோட்பாட்டுத் தாள்களைப் படித்துத் தேறிவிடலாம். திட்டம் எழுத உட்கார்ந்தால் பேனா நகராது.

ஜெர்மன் ஏ1 வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நோக்கம் என்ற இடத்தில் ‘எண்கள் 1 முதல் 100 வரை’ என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். அது பாடப்பொருள், நோக்கம் அல்ல. ‘கடையில் விலை கேட்டு, பதிலைப் புரிந்துகொண்டு, வாங்கவோ மறுக்கவோ மாணவரால் முடியும்’ என்று எழுதுங்கள். இப்போது வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் தானாகவே தெரிந்துவிடும்: இருவர் இருவராகக் கடை விளையாட்டு. அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்.

எங்கே தடுமாறுவார்கள் என்பதையும் எழுதிவையுங்கள். ஜெர்மனில் 24ஐ ‘நான்கும் இருபதும்’ என்றுதான் சொல்வார்கள். காதில் விழுந்த வரிசையில் எழுதுபவர் 42 என்று எழுதிவிடுவார். அதற்கு ஐந்து நிமிடம் தனியாக ஒதுக்குங்கள்.

மென்பொருள் எதுவும் வேண்டாம். நேரம், ஆசிரியர் செய்வது, மாணவர் செய்வது, எதற்காக என்று நான்கு பத்தி போட்ட அட்டவணை போதும். ஆசிரியர் பத்தி நீளமாகவும் மாணவர் பத்தி ‘கவனிப்பார்கள்’ என்றும் இருந்தால் கிழித்துப் போட்டு மறுபடி எழுதுங்கள்.

4. வகுப்பறையில்

முதலில் குறும்பாடம் நடக்கும். 1960களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான முறை: சில நிமிடப் பாடம், ஒரே ஒரு திறன், உடனே விமர்சனம். அப்புறம்தான் உண்மையான மாணவர்கள்.

பயிற்சித் தாளைக் கொடுப்பதற்கு முன்பே என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். தாள் கைக்குப் போன பிறகு நீங்கள் சொல்வதை யாரும் கேட்கமாட்டார்கள். ‘புரிந்ததா?’ என்றும் கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘எழுதணுமா, பேசணுமா? யார் முதலில் கேட்பது?’ என்று கேட்டால் நிலவரம் தெரிந்துவிடும்.

உங்கள் வகுப்பை, அனுமதி வாங்கி, ஒலிப்பதிவு செய்யுங்கள். காணொளியில் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். ஒலியில்தான் நாம் எவ்வளவு நேரம் பேசுகிறோம் என்பது கேட்கும்.

பின்சேர்க்கை

கற்றுத்தரும் மொழியைத் தாய்மொழியாகப் பேசாத ஒருவரை வேலைக்கு எடுப்பார்களா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். சில நிறுவனங்கள் இன்னும் தயங்குகின்றன, உண்மைதான். ஆனால் மேலே சொன்ன ஐரோப்பியச் சட்டகத்துக்கு 2020இல் வந்த துணைத் தொகுதி, தாய்மொழியாளரை அளவுகோலாக வைப்பதையே கைவிட்டது. அந்த 24, 42 குழப்பத்தைத் தாண்டி வந்தவர் நீங்கள். நேர்காணலில் அதைச் சொல்லுங்கள். மேற்பார்வையாளர் எழுதித்தரும் குறிப்புகளையும் தூக்கிப் போடாதீர்கள், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்பார்கள்.