கோழித் தீனியில் என்சைம்: தூவுவதற்கு முன் எதைக் குறைக்கப் போகிறீர்கள்?

பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கம் சொந்தமாகத் தீனி கலந்து பிராய்லர் வளர்க்கிற நம் ஆட்கள் நிறையப் பேர் என்சைமை (தீனியில் கோழியால் செரிக்க முடியாததை உடைத்துக் கொடுக்கும் பொருள்) ஏதோ டானிக் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் தடவை வாங்கியபோது பழைய கலவையில் எதையும் குறைக்காமல் மேலே கொட்டினேன். 35-ஆம் நாள் எடை போட்டுப் பார்த்தால் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசமே இல்லை, வெள்ளிதான் போனது. ஏற்கெனவே போதுமான சத்து இருக்கிற தீனியில் இன்னும் கொஞ்சம் விடுவித்துக் கொடுத்தால் கோழி அதை எங்கே வைத்துக்கொள்ளும்? எச்சத்தில்தான் போகும்.

சரி, முதலில் உங்கள் தீனியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும்தான் என்றால் ஃபைட்டேஸ் என்ற என்சைம் போதும். இவற்றிலுள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற சேர்மமாகப் பூட்டிக் கிடக்கிறது, அதைத் திறக்கும் அளவுக்குக் கோழிக் குடலில் சுரப்பு இல்லை, அதனால்தான் நாம் டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) வாங்கிக் கொட்டுகிறோம். கோதுமை கலந்தால் அதன் நாரை உடைக்கும் சைலனேஸ் தேவை. கோதுமை நார் குடலுக்குள் பசை போலாகி எச்சம் ஒட்டும், உமிப் படுக்கை ஈரமாகும். செம்பனை விதைப் பிண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று சேர்ப்பவர்களுக்கு அதன் நாரை உடைக்கும் மன்னனேஸ். ஆனால் அதில் வருகிற ஓட்டுத்தூளை எந்த என்சைமும் கரைக்காது, குஞ்சுத் தீனியில் நான் அதைச் சேர்ப்பதே இல்லை.

இனி கணக்கு. கிலோவுக்கு 500 யூனிட் ஃபைட்டேஸ் போட்டால் 0.1 விழுக்காடு பாஸ்பரஸ் விடுபடும் என்று வைத்துக்கொள்ளுங்கள் (உங்கள் சரக்குக்கான எண்ணை விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்). டன்னுக்கு 1 கிலோ பாஸ்பரஸ்; டிசிபியில் 18 விழுக்காடு இருந்தால் சுமார் 5.5 கிலோ டிசிபியைக் குறைக்கலாம். லாபம் அந்த 5.5 கிலோவில்தான் இருக்கிறது. டிசிபியோடு கால்சியமும் குறையுமே என்று பயந்து சுண்ணாம்புத் தூளை அள்ளிப் போடாதீர்கள், ஃபைட்டேஸ் கொஞ்சம் கால்சியத்தையும் விடுவிக்கிறது, அதோடு கால்சியம் மிஞ்சினால் ஃபைட்டேட்டோடு சேர்ந்து இறுகி என்சைமின் வேலையையே கெடுக்கும். பாஸ்பரஸை ஒரேயடியாகக் குறைத்தாலும் ஆபத்து, கால் தளர்ந்து உட்கார்ந்துவிடும். முதல் கூட்டத்துக்கு அந்த 5.5 கிலோவில் பாதியை மட்டும் குறையுங்கள். இரண்டு மூன்று என்சைம் சேர்ந்த பாக்கெட்டில் ஒவ்வொன்றுக்கும் சொல்கிற சத்தையெல்லாம் அப்படியே கூட்டிவிடாதீர்கள், ஒன்று விடுவித்ததையே இன்னொன்றும் கணக்கில் காட்டும்.

கலப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டன்னுக்கு 100 கிராம் என்றால் நேரே மிக்ஸரில் போட்டால் பரவாது. முதலில் 5 கிலோ சோளமாவில், அப்புறம் 50 கிலோவில், பிறகுதான் மிக்ஸர். தீனியை நீராவியில் அழுத்திப் பெல்லட் போடுபவர்கள் கவனம்: நீராவி 85 டிகிரி தாண்டினால் சாதாரண என்சைம் செத்துப்போகும், வெப்பம் தாங்கும் பூச்சுள்ளதை வாங்குங்கள், இல்லை பெல்லட் ஆறிய பிறகு திரவமாகத் தெளியுங்கள். தகரக் கூரைக்குக் கீழே மூட்டையை வைப்பதும் தப்பு, நம் ஊர் மதிய வெயிலும் ஈரக்காற்றும் அதைப் பாழாக்கிவிடும்.

வேலை செய்கிறதா என்று தெரிய, ஒரே நாளில் இறங்கிய குஞ்சுகளை இரண்டு பக்கமாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் பழைய தீனி, மறு பக்கம் குறைத்த தீனியும் என்சைமும். இரு பக்கமும் தின்றதை எழுதிவையுங்கள், ஏறிய எடையால் வகுங்கள். எண் ஏறத்தாழ ஒன்றாக வந்தாலே போதும், இரண்டாவது பக்கத் தீனி உங்களுக்கு மலிவாக முடிந்திருக்கும். எண் ஏறிவிட்டால் என்சைமைத் திட்டுவதற்கு முன், பாக்கெட்டைப் பிரித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று பாருங்கள்.