நெடுந்தூரம் மிதிக்க எந்த பெடல் நல்லது?

வேலூரிலிருந்து கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குச் சுமார் 80 கிலோமீட்டர். பாதி வழியிலேயே கால்விரல்கள் மரத்துப்போகின்றன என்றால், முதலில் பெடலையும் ஷூவையும் பாருங்கள். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 4,800 முறை அழுத்துகிறது. பெடல் சிறியதாக இருந்தால் அத்தனை அழுத்தமும் ஒரே இடத்தில் விழும். விரல்களுக்குப் போகும் நரம்புகள் நசுங்கி, முதலில் எரிச்சல் வரும், பிறகு உணர்வே இருக்காது.

கடைக்குப் போகுமுன் பாதத்தை நனைத்து, பழைய செய்தித்தாளின்மேல் நின்று பாருங்கள். ஈரத் தடத்தில் மிக அகலமான இடத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். பெடலின் மேற்பரப்பு அந்த அளவுக்குக் குறையக் கூடாது. 8ஆம் நம்பர் ஷூ போடுபவருக்கு 100 மி.மீ. நீள அகலமுள்ள தட்டை பெடல் போதும். 10க்கு மேல் என்றால் 110 மி.மீ. தேடலாம். நைலான் உடல் கொண்டதே தாராளம். அலுமினியத்துக்குக் கூடுதல் காசு கொடுத்தால் எடை கொஞ்சம் குறையலாம், சொகுசு கூடாது. மேலே சிறு உலோக முள்கள் இருக்கட்டும். பழைய சைக்கிள்களின் ரப்பர் பெடல் மழையில் வழுக்கும்.

பெடலைவிட ஷூவின் அடிப்பாகம் முக்கியம் என்றே சொல்வோம். ரப்பர் செருப்பும் மெல்லிய கேன்வாஸ் ஷூவும் பெடலின் விளிம்பில் மடிந்துபோகும். எவ்வளவு பெரிய பெடல் போட்டும் பயனில்லை. ஷூவின் நுனியையும் குதிகாலையும் பிடித்து வளையுங்கள். சுலபமாக இரண்டாக மடிந்தால் அது நடக்க ஏற்றது, மிதிக்க ஏற்றதல்ல. நம் ஊர் வெயிலில் பாதம் வீங்கும். அதனால் ஷூவை மாலையில் போட்டுப் பார்த்து, அரை அளவு பெரிதாக வாங்குங்கள். ஒரு மணி நேரம் ஓட்டியதும் லேஸைச் சற்றுத் தளர்த்துங்கள். பாதி மரப்பு இதிலேயே போய்விடும்.

ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடல் தேவையா? ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது கால் நழுவாது, உண்மைதான். ஆனால் வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பின் நெரிசலில் சட்டென்று காலை ஊன்றவேண்டி வந்தால் பழகாதவர் சாய்ந்து விழுவார். வாங்குவதானால் இரண்டு திருகு கொண்ட எஸ்பிடி வகையே நல்லது; கிளீட் (ஷூவின் அடியில் திருகி மாட்டி, பெடலில் பூட்டிக்கொள்ளும் துண்டு) அடிப்பகுதிக்குள் பதிந்திருப்பதால் டீக்கடையில் இறங்கி நடக்கலாம். பிடிப்பின் இறுக்கத்தைக் குறைந்தபட்சத்தில் வைத்து, மைதானத்தில் பூட்டி விடுவித்துப் பழகுங்கள். பெருவிரலுக்குக் கீழுள்ள மேடு பெடல் அச்சுக்கு நேர் மேலே, அல்லது 5 முதல் 10 மி.மீ. முன்னால் இருக்க வேண்டும். மரப்பு வந்தால் கிளீட்டைக் குதிகால் பக்கம் நகர்த்துங்கள். முன்பக்கம் நகர்த்தினால் தொல்லை கூடும்.

பெடலை மாட்டுவதில்தான் பலர் கிராங்கை (பெடலைத் தாங்கிச் சுழலும் கை) கெடுக்கிறார்கள். பெரியவர்களின் சைக்கிளில் அச்சு பெரும்பாலும் 9/16 அங்குலம். ஒரே துண்டுக் கம்பியால் ஆன கிராங்க்கில் 1/2 அங்குலம். அச்சின் முனையில் எல், ஆர் என்று பொறித்திருக்கும். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். மரையில் கிரீஸ் தடவி, முதல் நான்கைந்து சுற்றை விரலாலேயே திருகுங்கள். விரலால் போகவில்லை என்றால் நேராக உட்காரவில்லை என்று அர்த்தம். அங்கே ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் அலுமினியக் கிராங்கின் மரை வழித்துக்கொண்டுபோகும், பிறகு கிராங்கையே மாற்றவேண்டி வரும். 15 மி.மீ. ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்தி ஹேண்டில்பார் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் இறுகும். பின்சக்கரம் பக்கம் தள்ளினால் கழலும். சில பெடலுக்கு 6 அல்லது 8 மி.மீ. ஆலன் கீ வேண்டும். தள்ளும் திசை அதேதான்.

புதிய பெடலில் பாதம் பழையதைவிட 10 மி.மீ. தாழ்வாக நின்றால் சீட்டையும் அவ்வளவு இறக்குங்கள், இல்லாவிட்டால் முழங்கால் பின்புறம் இழுக்கும். முதல் 50 கிலோமீட்டருக்குப் பின் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பெடலைக் கையால் சுழற்றும்போது மணல் அரைப்பதுபோல் உணர்ந்தால் பேரிங்கில் தூசி புகுந்திருக்கிறது; கழற்றிச் சுத்தம் செய்து, புது கிரீஸ் போடுங்கள்.