கம்யூனிட்டி காலேஜ் டிகிரி: 60 யூனிட்டை எப்படித் திட்டமிடுவது?

கலிபோர்னியாவில் இருந்துகொண்டு, குறிப்பாக இந்தத் துறை என்று முடிவு செய்யாமல் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுப் படிப்புகள் தரும் அரசுக் கல்லூரி) பொதுவாக ஒரு இரண்டாண்டு டிகிரி படிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரிப் பட்டியலில் இது பெரும்பாலும் லிபரல் ஆர்ட்ஸ் என்ற தலைப்பில் இருக்கும்.

படி 1: இந்தக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத் தளமான சிசிசிஅப்ளையில் விண்ணப்பியுங்கள். கட்டணம் இல்லை. வசிப்பிடம் பற்றிய கேள்விகளை மட்டும் நிதானமாகப் படித்து நிரப்புங்கள். ஓராண்டும் ஒரு நாளும் இங்கே வசித்ததற்கு வரித் தாக்கல், ஓட்டுநர் உரிமம் போன்ற சான்றுகள் இருந்தால் ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைச் சொல்லும் கிரெடிட்) 46 டாலர்தான். வெளி ஆள் என்று பதிவாகிவிட்டால் அதுவே பல நூறு டாலர்.

படி 2: ஊரில் பாதியில் விட்ட படிப்பு இருந்தால் அந்த மதிப்பெண் பட்டியலை இங்குள்ள நிறுவனம் ஒன்றில் மதிப்பீடு செய்ய வேண்டும். பாடவாரியான அறிக்கையே கேளுங்கள். மலிவான பொது அறிக்கையை வைத்துக்கொண்டு எந்தப் பாடத்துக்கும் விலக்கு வாங்க முடியாது.

படி 3: பாடத் தேர்வு. எல்லாரும் குழம்பும் இடம் இதுதான். மொத்தம் 60 யூனிட் (டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்று செமஸ்டருக்குப் பதில் குவார்ட்டர் என்ற குறுகிய பருவங்களில் நடக்கும் கல்லூரிகளில் 90) என்றதும், பிடித்த பாடங்களாக எடுத்து 60 சேர்த்தால் போதும் என்று தோன்றும். போதாது. எந்தத் துறையானாலும் எல்லாரும் படிக்க வேண்டிய பொதுக்கல்விப் பாடங்கள் ஒரு பக்கம். அதோடு, ஒரே பிரிவில் (செமஸ்டர் கணக்கில்) 18 யூனிட், ஒவ்வொன்றிலும் குறைந்தது சி கிரேடு வேண்டும். சமூக அறிவியல், கலை, கணிதமும் அறிவியலும் என்று அந்தப் பிரிவுகள் இருக்கும்.

நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலான கல்லூரிகளில் ஒரே பாடத்தை இரண்டு பக்கமும் கணக்கில் காட்டலாம். அறிமுக உளவியல் 3 யூனிட் எடுத்தால் பொதுக்கல்வியிலும் சேரும், சமூக அறிவியல் பிரிவிலும் சேரும். ஆனால் மொத்தத்தில் அது 3 தான், 6 ஆகாது. அதனால் முதல் செமஸ்டரிலேயே பிரிவை முடிவு செய்துவிட்டு, இப்படி இரண்டிலும் சேரும் பாடங்களை முதலில் எடுங்கள்.

பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால் பொதுக்கல்விக்கு கால்-கெட்சி பட்டியலைப் பின்பற்றுங்கள். 2025 இலையுதிர் பருவத்திலிருந்து சேருபவர்களுக்கு யுசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்), சிஎஸ்யு (கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம்) இரண்டுக்கும் அது ஒன்றுதான். எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லுபடியாகும் என்பதை அசிஸ்ட் தளத்தில் பார்க்கலாம். தளம் பார்க்கப் பழைய காலத்து மாதிரி இருக்கும், தகவலை நம்பலாம். கணக்கு வைத்துக்கொள்ள கல்லூரி போர்ட்டலைவிட எனக்கு கூகுள் ஷீட்தான் வசதி. பாடம், யூனிட், பொதுக்கல்வி, பிரிவு என்று நான்கு பத்திகள் போதும். கவுன்சிலரைப் பார்க்கும்போது அதைத் திறந்து காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

படி 4: பதிவு. வகுப்பு நிரம்பியிருந்தால் வெயிட்லிஸ்டில் சேர்ந்து, முதல் நாள் கட்டாயம் போய் உட்காருங்கள். வராதவர்களை ஆசிரியர் நீக்கும்போது அந்த இடம் உங்களுக்குக் கிடைக்கலாம்.

படி 5: கடைசி செமஸ்டரில் பட்டத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா என்று கேளுங்கள். பல இடங்களில் வேண்டும், அதற்குக் கடைசித் தேதியும் உண்டு.

பின்சேர்க்கை: எச்4 விசாக்காரர்கள் (எச்1பி விசாவில் வேலை செய்பவர்களின் குடும்பத்தினர்) பலர் தாங்களும் படிக்கலாமா என்று கேட்டுவிட்டார்கள். எஃப்1 என்ற மாணவர் விசாவுக்கு மாறாமலே படிக்கலாம். கலிபோர்னியா வசிப்பிட உரிமையும் கோரலாம், சான்றுகள் மட்டும் சரியாக இருக்கட்டும். அப்புறம் புத்தகச் செலவு. பதிவு செய்யும் பக்கத்தில் பாடப்புத்தகச் செலவு இல்லாத வகுப்புகளுக்குத் தனி அடையாளம் இருக்கும், அதை வைத்து வடிகட்டித் தேடுங்கள்.