கையெழுத்து வாங்கினால் போதாது

புதுச்சேரியில் ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராகச் சேரும் இளம் மருத்துவர்கள் சீக்கிரமே பழகிவிடும் தவறு ஒன்று உண்டு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் கேஸ் ஷீட்டோடு வார்டுக்குப் போய், "கூட யார் இருக்கீங்க? இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்பார்கள். பண்ருட்டியிலிருந்து வந்த மகன் போட்டுவிடுவார். நோயாளியான அம்மா முழு நினைவோடு அதே கட்டிலில் உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

இது சம்மதமே ஆகாது. சுயநினைவோடு இருக்கும் வயது வந்தவருக்கு அவர்தான் சம்மதம் தர வேண்டும். 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்றில், லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவி வழியே உள்ளே பார்க்கும்) பரிசோதனைக்குப் போன பெண் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த தாயிடம் மட்டும் கேட்டுவிட்டுக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது தாயின் சம்மதம் செல்லாது என்றது தீர்ப்பு.

ஆகவே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். என்ன நோய், என்ன செய்யப்போகிறோம், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். அப்புறம், "உங்களுக்கு என்ன புரிஞ்சதுன்னு சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். தலையாட்டியவர் பலருக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது அப்போதுதான் தெரியும். மகனும் கூட இருக்கட்டும், தவறில்லை. ஆனால் முதல் கேள்வி அம்மாவுக்கு.

"அப்பாவுக்கு கேன்சர்னு சொல்லிடாதீங்க டாக்டர்" என்று பிள்ளைகள் கெஞ்சுவதும் வழக்கம். பாசத்தில் கேட்கிறார்கள், கோபப்படாதீர்கள். அதற்காக ஒத்துக்கொண்டும் விடாதீர்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அந்தப் பெரியவரையே கேளுங்கள்.

பெயர் தெரியும் எக்ஸ்ரேயை வாட்ஸ்அப் குழுவில் போடுவது, எச்.ஐ.வி. முடிவை வார்டில் சத்தமாகச் சொல்வது, ஸ்கேன் சென்டரில் கமிஷன் வாங்குவது: இவற்றுக்கு எந்தச் சாக்கும் கிடையாது.

கடலூர் சாலையில் அடிபட்டு வருபவரை, "போலீஸ் கேஸ், எஃப்.ஐ.ஆர். வரட்டும்" என்று காக்க வைக்கக் கூடாது. முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும், சட்ட நடைமுறை அதற்குத் தடையாகக் கூடாது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கடைசியாக ஆவணங்கள். நோயாளி தன் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. "எதுக்குக் கேக்கறீங்க, கேஸ் போடவா?" என்று முறைக்காமல் நகல் எடுத்துக் கொடுங்கள்.