டெங்குவும் சிக்குன்குனியாவும் ஏன் வேறு வேறு குடும்பம்? நேர் இழை ஆர்.என்.ஏ வைரஸ்களை வகை பிரிக்கும் முறை

ஐப்பசி மழை விட்டதும் கடலூர், புதுச்சேரிப் பக்கம் டெங்கு, சிக்குன்குனியா பேச்சு கிளம்பிவிடும். இரண்டையும் பரப்புவது ஏடிஸ் கொசு. இரண்டிலும் காய்ச்சல், மூட்டுவலி. நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயவே ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 1975இல் தொடங்கிய மையம் புதுச்சேரியில்தான் இருக்கிறது. கொசுவை வைத்துப் பார்ப்பது நோயைத் தடுக்க உதவும். வைரஸை வகை பிரிக்க உதவாது.

படி 1: மரபுப்பொருள் எது?
டி.என்.ஏவா, ஆர்.என்.ஏவா? ஒற்றை இழையா, இரட்டையா? செல்லுக்குள் போன வைரஸ் எந்த வழியில் எம்.ஆர்.என்.ஏவை, அதாவது புரதம் செய்யச் செல் படிக்கும் நகலைப் பெறுகிறது என்பதை வைத்து 1971இல் டேவிட் பால்டிமோர் என்ற உயிரியலாளர் வைரஸ்களைப் பிரித்தார். இன்று அதில் ஏழு தொகுதிகள். நமக்கு வேண்டியது நான்காவது: நேர் இழை ஆர்.என்.ஏ வைரஸ்கள்.

படி 2: செல்லில் புரதம் செய்யும் ரைபோசோம் அந்த ஆர்.என்.ஏவை நேரடியாகப் படிக்குமா?
படித்தால் நேர் இழை. வெறும் ஆர்.என்.ஏவை மட்டும் செல்லுக்குள் செலுத்தினாலே பெரும்பாலும் புது வைரஸ்கள் உருவாகிவிடும். ரேபிஸ், தட்டம்மை, ஃப்ளூ எல்லாம் எதிர் இழை. முதலில் நகலெடுத்தாக வேண்டும் என்பதால் நகலெடுக்கும் நொதியான பாலிமரேஸைக் கையோடு கொண்டு வருகின்றன.

இங்கே ஒரு பொறி உண்டு. எச்.ஐ.வியின் ஆர்.என்.ஏவும் நேர் இழைதான். ஆனால் அது டி.என்.ஏவாக மாறிய பிறகே வேலை தொடங்கும். அதனால் ஆறாவது தொகுதி.

படி 3: பொதுக் குணங்களைச் சரிபாருங்கள்
ஆர்.என்.ஏவைப் பார்த்து ஆர்.என்.ஏ எழுதும் பாலிமரேஸ் நான்காம் தொகுதி வைரஸ்கள் எல்லாவற்றுக்கும் உண்டு. முதலில் எதிர் இழை நகல், அப்புறம் அதிலிருந்து நேர் இழைகள். இந்த வேலை செல்லின் சவ்வுகளை வளைத்து உண்டாக்கிய மறைவிடங்களில் நடக்கிறது. பிழை திருத்தும் வசதி பொதுவாகக் கிடையாது. சுமார் 30,000 எழுத்து (ஆர்.என்.ஏவின் அடிப்படை அலகு) நீளமுள்ள கொரோனா வைரஸ்கள் விதிவிலக்கு.

படி 4: மரபணு வரிசை
எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஒரு தாளில் டெங்குவின் ஆர்.என்.ஏவுக்கு ஒன்று, சிக்குன்குனியாவுடையதற்கு ஒன்று என இரண்டு கோடுகள் போடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம், 11,000 எழுத்துக்குச் சற்று முன்பின்.

டெங்குவில் வைரஸின் உடம்பைக் கட்டும் புரதங்கள் முன்னால். நகலெடுக்கும் புரதங்கள் பின்னால். மொத்தமும் ஒரே நீளப் புரதமாக வந்து, பிறகு துண்டாகிறது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'என்.எஸ்.1' என்று பார்த்திருப்பீர்களே, அது இந்தத் துண்டுகளில் ஒன்று. சிக்குன்குனியாவில் எல்லாம் தலைகீழ்: நகலெடுக்கும் புரதங்கள் முன்னால். உடம்புப் புரதங்களுக்கென்று தனியாக ஒரு குட்டி ஆர்.என்.ஏ உருவாகிறது. ஆகவே டெங்கு ஃபிளாவிவிரிடே குடும்பம், சிக்குன்குனியா டோகாவிரிடே குடும்பம்.

படி 5: கரும்பை வைத்துப் பழகுங்கள்
நெல்லிக்குப்பம் பக்கம் போனால் கரும்புத் தோகையைப் பாருங்கள். மொசைக் நோய் வந்த தோகையில் கரும்பச்சைக்கு நடுவே வெளிர்பச்சைக் கீற்றுகள் ஓடும். கரும்பு மொசைக் வைரஸும் நேர் இழைதான்; பரப்புவது அசுவினிப் பூச்சி. டெங்குபோல இதிலும் நீளப் புரதம் வந்து துண்டாகும். உடனே டெங்குவுக்கு உறவு என்று எழுதிவிடாதீர்கள். கரும்பு வைரஸின் ஆர்.என்.ஏ முன்முனையில் ஒரு சிறு புரதம் ஒட்டியிருக்கிறது, பின்முனையில் 'ஏ' எழுத்துகளாலான வால். போலியோவுக்கும் அதேதான். பாலிமரேஸை ஒப்பிட்டுப் போட்ட இன்றைய வகைப்பாட்டிலும் கரும்பு வைரஸும் போலியோவும் பிசுவிரிகோட்டா என்ற, குடும்பத்துக்கு மேலான பெரும்பிரிவில் இருக்கின்றன. டெங்குவும் சிக்குன்குனியாவும் கிட்ரினோவிரிகோட்டா என்ற இன்னொரு பெரும்பிரிவில்.