நினைவக முகாமைத்துவ நிரலில் பழைய குறிப்புரைகளைத் திருத்தும் முறை

மலையகத்தில் ஒரு தோட்டத்துக்கு இரண்டு பெயர் இருப்பது வழக்கம். கம்பனிப் பலகையில் வெள்ளைக்காரத் துரை வைத்துவிட்டுப் போன பெயர் இருக்கும்; பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரிடம் நாம் சொல்வது வேறொரு தமிழ்ப் பெயராக இருக்கும். இரண்டையும் அறிந்தவருக்குச் சிக்கல் இல்லை. புதிதாக வருபவர்தான் சந்தியில் நின்று விழிப்பார். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் நினைவக முகாமைத்துவத்துக்குரிய எம்எம் அடைவுக்குள் முதன்முறை நுழைபவரின் நிலையும் அதுவே. செயற்கூறு எடுப்பது, ஒரே தகவலைப் பலர் ஒரே நேரத்தில் மாற்றிக் குழப்பாமல் காக்கும் எம்மேப்_லொக் என்ற பூட்டாக இருக்கும்; அதன் தலைக்கு மேல், வாசிப்பவருக்காக எழுதிவைத்த குறிப்புரையோ எம்மேப்_செம் பிடித்திருக்கவேண்டும் என்று சொல்லும். அந்தப் பூட்டின் பெயர் 2020இல் வெளிவந்த 5.8 பதிப்பில் மாறியது. அப்போதே பெரும்பாலான குறிப்புரைகளும் சேர்த்தே மாற்றப்பட்டன. ஆனாலும் இவ்வளவு பெரிய நிரலில் ஏதாவது ஒரு மூலையில் பழைய பெயர் தங்கிவிடுவது இயல்பு.

ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் சில இளைஞர்களோடு அமர்ந்து நான் செய்துவரும் வேலை இத்தகைய குறிப்புரைகளைத் தேடித் திருத்துவதாகும். பாடசாலைப் புத்தகம் பணிசெயல் முறைமை என்று சொல்லும் இயங்குதளத்தின் உள்ளே நுழைவதற்கு இதைவிட மலிவான வாசல் எனக்குத் தெரியவில்லை: விலை கூடிய கணினி தேவையில்லை, மழைக்கு மின்சாரம் போனாலும் திறந்திருக்கும் மடிக்கணினியில் நிரலை வாசித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் இது எழுத்துப்பிழை திருத்தும் வேலை என்று நினைத்து இறங்கினால் விரைவில் தவறு செய்வீர்கள். குறிப்புரையை மாற்றுபவர், நிரல் இன்று என்ன செய்கிறது என்பதற்குப் பொறுப்பேற்று எழுதுகிறார்.

முதலில் நிரலின் பிரதியை எடுக்கவேண்டும். டேட்டாவை மிச்சம்பிடிப்பதற்காகக் கடைசி நிலையை மட்டும் இறக்குவது பலரின் வழக்கம். இந்த வேலைக்கு அது உதவாது. ஒரு வரியை யார், எப்போது, எதற்காக எழுதினார்கள் என்று பார்ப்பதே இங்கு பாதி வேலை என்பதால், முழு வரலாறும் கையில் இருக்கவேண்டும். சில கிகாபைட் ஆகும். இரவு நேர டேட்டா இருக்கும் ஒரு நாளில் ஒரே தடவையாக இறக்கி, பென்டிரைவில் மற்றவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள். அதோடு, வெளிவந்த பதிப்பின்மேல் வேலை செய்யாமல், நினைவகப் பகுதியைப் பராமரிக்கும் அண்ட்ரூ மோர்ட்டனின் களஞ்சியத்தில் எம்எம்-அன்ஸ்டேபிள் என்ற கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இன்று கண்ட பிழையை வேறொருவர் போன வாரமே திருத்தியிருக்கலாம்.

தேடத் தொடங்குவதற்கு, பெயர் மாறியவற்றின் பட்டியல் ஒன்று மனதில் இருந்தால் போதும். 5.16 பதிப்பில், நினைவகத்தின் அலகான பக்கங்கள் ஒன்றையோ பலவற்றையோ ஒன்றாகக் கையாளும் ஃபோலியோ வந்தது. அதன்பின் பக்கத்தைப் பூட்டுவது பற்றிய பல குறிப்புரைகள் உண்மையில் ஃபோலியோவைப் பூட்டுவதைப் பற்றியவையாயின. 6.1 பதிப்பில் மேப்பிள் ட்ரீ என்ற மர வடிவத் தரவமைப்பு வந்ததும், செயல்முறையின் நினைவகப் பகுதிகளைக் கோத்துவைத்த இணைப்புப் பட்டியல் நீங்கியது. ஆகவே அடுத்த பகுதிக்குச் சுட்டி வழியாகச் செல்வதாகச் சொல்லும் எந்த வாக்கியமும் சந்தேகத்துக்குரியது. 6.4இல் ஸ்லொப், 6.8இல் ஸ்லாப் என, சிறு நினைவகத் துண்டுகளைத் தரும் இரண்டு ஒதுக்கிகள் நீக்கப்பட்டு ஸ்லப் மட்டும் எஞ்சியது. இங்கே ஒரு எச்சரிக்கை: ஸ்லாப் என்ற சொல் ஒதுக்கியின் பெயராக மட்டுமன்றி, அந்த முறைக்கான பொதுப்பெயராகவும் இன்றுவரை வழங்குகிறது, கோப்புகளின் பெயரிலும் அது உண்டு. எனவே அதைக் கண்ட இடமெல்லாம் மாற்றத் துணியாதீர்கள்.

கண்டுபிடித்த வரியை உடனே திருத்தக்கூடாது. நிரலின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியில், கிட் புளேம் கட்டளையால் குறிப்புரை எழுதப்பட்ட மாற்றத்தையும், கிட் லாக் கட்டளைக்கு எஸ் விருப்பத்தைக் கொடுத்து அந்தப் பெயர் நிரலிலிருந்து மறைந்த மாற்றத்தையும் கண்டுபிடியுங்கள். குறிப்புரை பிறந்தபோது உண்மையாக இருந்ததா, எந்த மாற்றம் அதைப் பொய்யாக்கியது என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்த பிறகே எழுதுகோலைத் தொடலாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்கு என் சொந்த அனுபவமே சான்று. பக்க ஒதுக்கி பக்கங்களை இரண்டின் அடுக்குகளாகத் தரும்; அந்த அடுக்கு எண்ணே ஓர்டர். ஓர்டர் 3 என்றால் எட்டுப் பக்கங்கள், பக்கம் 4096 பைட் எனில் 32 கிலோபைட். இதன் உச்ச எல்லையை மேக்ஸ்_ஓர்டர் என்ற மாறிலி குறித்தது. 6.3 பதிப்பு வரை அதன் வழமையான மதிப்பு 11. ஆனால் அந்த எண் எல்லைக்கு வெளியே நின்றது, அதாவது உண்மையில் ஒதுக்கக்கூடிய பெரிய ஓர்டர் 10. ஆகவே குறிப்புரைகள் மேக்ஸ்_ஓர்டரில் ஒன்று குறைவு என்று எழுதின. இந்த ஒன்று பலரைத் தடுமாறச் செய்ததால், 6.4இல் மாறிலியின் பொருளே மாற்றப்பட்டு, அது எல்லைக்குள் அடங்கும் 10 ஆயிற்று. பின்னர் 6.8இல் பெயரும் மேக்ஸ்_பேஜ்_ஓர்டர் என மாறியது. இந்த இரண்டு படிகளில் முதலாவதை நான் அறிந்திருக்கவில்லை. பழைய பிரதி ஒன்றிலிருந்து எடுத்த சொந்தக் குறிப்பேட்டில், ஒரே கட்டளையால் பழைய பெயரைப் புதிய பெயராக மாற்றிவிட்டு, அதில் இருந்த ‘ஒன்று குறைவு’ என்பதை அப்படியே விட்டேன். விளைவு, 4 மெகாபைட் வரை ஒதுக்கலாம் என்று இருக்கவேண்டிய இடத்தில் 2 மெகாபைட் என்று பொருள்படும் வாக்கியம் நின்றது. பெயர் புதியது, செய்தி பொய். பழைய பெயரோடு இருந்திருந்தாலாவது வாசிப்பவர் சந்தேகப்பட்டிருப்பார்.

பூட்டுப் பற்றிய குறிப்புரைகளுக்கு இன்னும் கூடுதலான கவனம் வேண்டும். ‘எம்மேப்_செம் பிடித்தபடி அழைக்கவேண்டும்’ என்ற வரியில் செம்மை லொக் ஆக்கினால் வேலை முடியாது. வாசிப்புக்கான பூட்டா, எழுத்துக்கான பூட்டா என்று அந்த வரி சொல்லவில்லையே? செயற்கூறை அழைக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் சென்று எது பிடிக்கப்படுகிறது என்று பாருங்கள். செயற்கூறுக்குள்ளேயே பூட்டு பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கும் எம்மேப்_அசெர்ட்_லொக்ட் அல்லது எம்மேப்_அசெர்ட்_ரைட்_லொக்ட் இருந்தால் விடை உங்கள் கண்முன்னே இருக்கிறது. 6.4 முதல் ஒவ்வொரு நினைவகப் பகுதிக்கும் தனிப்பூட்டு வந்துவிட்டதால், பக்கப் பிழையை (நிரல் தொட்ட முகவரிக்கு உரிய பக்கம் இன்னும் தயாராக இல்லாத நிலையை) கையாளும் பாதையில் பெரிய பூட்டே எடுக்கப்படாமல் வரவும் கூடும். அப்படியானால் அந்தக் குறிப்புரையின் பெயர் மட்டுமன்றிக் கோரிக்கையே பழையதாகிவிட்டது. எம்எம் அடைவில் ஆர்மேப் கோப்பின் தலைப்பில் உள்ள பூட்டு வரிசையை அச்சிட்டு மேசையில் ஒட்டிக்கொள்வது நல்லது. எந்தப் பூட்டுக்குள் எது எடுக்கப்படும் என்பதை அது படிக்கட்டுப் போலக் காட்டும். குறிப்புரைக்குப் பதிலாக ஓர் அசெர்ட் வரியைச் சேர்க்கலாமா என்று கேட்டால், பல இடங்களில் அதுவே மேலானது என்பேன், ஏனெனில் பொய்யானால் அது தானே கத்தும். ஆனால் அது நிரல் மாற்றம். தனிப் பேட்ச்சாகவே, அதாவது மாற்றங்களை மட்டும் கொண்ட தனிக் கோப்பாகவே போகவேண்டும்.

நீக்குவதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது ஒன்றிரண்டு கிளைகளை இலையோடு விட்டுவைக்கும் முறை ஒன்று உண்டு. செடி மீண்டும் துளிர்க்கும்வரை அந்தக் கிளைகளே அதற்கு மூச்சு. குறிப்புரைகளிலும் அத்தகைய கிளைகள் உள்ளன. நிரல் என்ன செய்கிறது என்று வரிக்கு வரி ஒப்பிக்கும் குறிப்பை வெட்டலாம். ஏன் அப்படிச் செய்கிறது என்று சொல்வதை வெட்டக்கூடாது. நினைவகத்தில் எழுதுவதும் வாசிப்பதும் வரிசை மாறாமல் தடுக்கும் மெமரி பேரியர்களுக்கு அருகில் உள்ளவை இதற்கு மிகச் சிறந்த உதாரணம். ஃபோலியோ ஒன்றின் உள்ளடக்கம் முழுமையாக வந்துவிட்டது என்ற கொடியை ஏற்றும் செயற்கூறில், கொடிக்கு முன் ஓர் எழுத்துப் பேரியர் இருக்கும். கொடியைச் சோதிக்கும் செயற்கூறில், சோதனைக்குப் பின் ஒரு வாசிப்புப் பேரியர் இருக்கும். தரவு எழுதி முடிந்த பிறகே கொடி மற்றக் கோர்களுக்குத் தெரியவேண்டும், கொடியைப் பார்த்த பிறகே தரவு வாசிக்கப்படவேண்டும் என்பதே அந்த இரண்டின் உடன்பாடு. அவை ஒன்றுக்கொன்று இணை என்பதை நிரலின் எந்த வரியும் சொல்லாது. குறிப்புரை மட்டுமே சொல்லும். செயற்கூறின் பெயர் மாறியிருந்தால் பெயரை மட்டும் திருத்தி, மற்றதை அப்படியே விடுங்கள்.

ஆவணமாக வெளிவரும் குறிப்புரைகளுக்குத் தனி இலக்கணம் உண்டு. /** என்று தொடங்கினால் கர்னல்-டொக் கருவி அதை வாசிக்கும்: செயற்கூறின் பெயர், சிறுகோடு, ஒருவரி விளக்கம், பிறகு @ குறியோடு ஒவ்வொரு பராமீட்டரும். டபிள்யூ=1 என்று கொடுத்துத் தொகுத்தால், விளக்கப்படாத பராமீட்டர்களையும், செயற்கூறில் இப்போது இல்லாதவற்றையும் கருவியே காட்டிக்கொடுக்கும். சாதாரணக் குறிப்புரைக்கு யாரோ தவறுதலாக இரண்டு நட்சத்திரம் இட்டிருந்தால், ஒன்றை நீக்குவதே போதுமான திருத்தம். திரும்பும் மதிப்புகளை வரிக்கு ஒன்றாக எழுதியிருந்தால் அவை ஆவணத்தில் ஒரே பத்தியாகக் குழம்பும். பட்டியல் குறியிட்டு எழுதவேண்டும். சூழல் பற்றிய பகுதியையும் விட்டுவிடாதீர்கள்: ஜிஎஃப்பி_கர்னல் கொடியோடு ஒதுக்கும் செயற்கூறு உறங்கக்கூடும் (நினைவகம் கிடைக்கும்வரை காத்திருக்கக்கூடும்), ஜிஎஃப்பி_அட்டோமிக் கொடியோடு ஒதுக்குவது உறங்காது, கொடியை அழைப்பவரே தருகிறார் எனில் உறக்கமும் அவரைப் பொறுத்தது என்று எழுதுங்கள். ஆவணம் முழுவதையும் உருவாக்க நேரம் பிடிக்கும் என்பதால், ஸ்ஃபிங்ஸ்டிர்ஸ் மாறியில் எம்எம் என்று கொடுத்து அந்தப் பகுதியை மட்டும் உருவாக்கிப் பாருங்கள். 2022 வரை அது விஎம் என்ற பெயரில் இருந்தது. பழைய பாதையைச் சுட்டும் வரிகளும் திருத்தத்துக்குரியவையே.

திருத்தியபின், தெரியாமல் நிரலைத் தொட்டுவிட்டீர்களா என்று பார்க்கவேண்டும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் தொகுத்த ஒப்ஜெக்ட் கோப்புகளை ஒப்பிட்டால் ஒரு வேடிக்கை நடக்கும்: குறிப்புரையை மட்டுமே மாற்றியிருந்தும் அவை வேறுபடலாம். எங்கள் வகுப்பில் ஒரு பையன் “சேர், நான் ஒன்றுமே தொடவில்லையே” என்று பதறியதும் இதற்காகத்தான். எச்சரிக்கைச் செய்திகளும் உறக்கச் சோதனைகளும் தம் வரி எண்ணை உள்ளே வைத்திருப்பதால், குறிப்புரை ஒரு வரி நீண்டால் அந்த எண்களும் நகரும். வேறுபாடு அந்த எண்களில் மட்டும்தான் என்று உறுதிசெய்தால் போதும்.

பேட்ச்சை ஒரு கோப்புக்கோ, ஒரு காரணத்துக்கோ ஒன்றாக வெட்டுங்கள். செக்பேட்ச் கருவியால் சோதித்து, கெட்_மெயின்டெய்னர் கருவி காட்டும் முகவரிகளுக்கு அனுப்புங்கள். விளக்கத்தில் பிழை எது என்பதைவிட, எந்த மாற்றத்தால் அது பிழையானது என்பதை அதன் அடையாள எண்ணோடு எழுதுவதே முக்கியம். வாசிப்பவர் ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடுவார். ஜிமெயிலின் இணையப் பக்கத்தில் ஒட்டி அனுப்பவேண்டாம்: அது டேப்களை வெற்றிடங்களாக மாற்றிவிடும், பேட்ச் பொருந்தாது. கிட் சென்ட்-ஈமெயில் கட்டளையை ஒருமுறை அமைத்து, முதலில் உங்கள் முகவரிக்கே அனுப்பி, வந்த மடலிலிருந்து பேட்ச் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்தபின் மற்றவர்களுக்கு அனுப்புங்கள்.